ஒரு தட்டு மாமூல்

துபாய் கராமாவில் எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு வார்த்தைக்குத் தடை இருந்தது. தடை போட்டவள் என் மனைவி. மாமனார் விசிட் விசாவில் வந்து இறங்குவதற்கு முதல் நாள், சமையலறை அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கி, அதிலிருந்த சின்னச் சின்ன பாக்கெட்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எதிர் ஃபிளாட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். உள்ளே பேரீச்சம்பழம் வைத்த பிஸ்கட் அது. வளைகுடாவில் எந்த கிராசரியிலும் கிடைக்கும். அரபியில் அதற்கு மாமூல் என்று பெயர். எங்கள் மகளுக்கு அது இல்லாமல் ஸ்கூல் டிபன் டப்பா மூடாது. இனிமேல் அதை டேட் பிஸ்கட் என்றுதான் சொல்ல வேண்டும், தாத்தா காதில் விழும்படி மாமூல் என்று சொல்லவே கூடாது என்று அவளுக்கு உத்தரவானது. தாத்தாவுக்கு அது பிடிக்காது என்று காரணமும் சொல்லப்பட்டது. சாப்பிட்டே பார்க்காமல் எப்படிப் பிடிக்காமல் போகும் என்று கேட்டாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறவள் கேட்டாலும் நியாயமான கேள்வி.

மாமனார் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருந்தபோது லஞ்ச ஒழிப்புக்காரர்கள் வந்தார்கள். அவருடைய மேஜை டிராயரில் பொடி தடவிய நோட்டுகள் இருந்தன. அந்தப் பொடி பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். நோட்டைத் தொட்டவர் கையை அவர்கள் கொண்டுவரும் தண்ணீரில் முக்கினால் தண்ணீர் சிவந்துவிடும். தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மறுநாள் பேப்பரில், அவர் பிடிபட்டார் என்று வந்தது. தண்ணீர் சிவந்ததா இல்லையா என்று வரவில்லை.

பிறகு சஸ்பென்ஷன், விசாரணை என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் போதிய ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். போதிய என்பது பொல்லாத சொல். அப்படியானால் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது என்றுதான் ஊர் அதைப் படித்தது. தெருப் பிள்ளைகள் அவருக்கு மாமூல் மாமா என்று பெயர் வைத்தார்கள். எதுகை மோனை நன்றாக அமைந்துவிட்டதால் பெயரும் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு என் மனைவி, மாமூலா நாலு மணிக்கு வருவார், மாமூலா இதே கடைதான் என்று பேசுவதைக்கூட விட்டுவிட்டாள். எல்லாம் வழக்கமா என்று ஆகிவிட்டது.

வாங்கினீர்களா என்று வீட்டில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. பெற்ற அப்பனிடம் கேட்கிற கேள்வியா அது என்பாள் என் மனைவி. ஆனால் அந்தக் கேள்வி அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் கட்டுமானக் கம்பெனியில் செலவுக் கணக்குப் போடும் எஸ்டிமேட்டர். எதையும் இரண்டு பக்கமும் போட்டுப் பார்க்கிற புத்தி. வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருந்திருக்கலாம் என்று வைத்திருந்தேன். டிராயர் அவருடையதுதானே என்பதால் வாங்கியிருப்பார் என்ற பக்கமே கொஞ்சம் சாய்ந்திருந்தேன்.

அந்தத் தை மாதத்தில் அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். குடும்பத்தில் மூத்தவர் அவர். முன்னால் நின்று நடத்தி வைக்க வேண்டியவர். அவரோ விசாவை எக்ஸ்டெண்ட் செய்துவிடுங்கள் மாப்பிள்ளை என்று என்னிடம் சொல்லிவிட்டு ஹாலில் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டார். வற்புறுத்தியபோது ஒரே ஒரு தடவை காரணம் சொன்னார். “மண்டபத்துல நான் போயி உக்காந்தா வர்றவன் பொண்ணையா பாப்பான், என்னத்தான் பாப்பான்.”

இந்தக் கல்யாணத்தை விட்டால் அவர் ஊரில் மறுபடி தலைகாட்டவே மாட்டார், தம்பி உறவும் இத்தோடு போகும் என்று என் மனைவி பயந்தாள். பயம் நியாயமானது. எப்படியாவது அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்துப் பேசினால் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். அதனால் வெளியில் கூட்டிப்போய்ப் பேசலாம் என்று முடிவு செய்தாள்.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு டிராவல்ஸ் இருந்தது. பழங்காலக் கோட்டைகளும் பாரம்பரியச் சந்தையும், ஒரு நாள் சுற்றுலா, மதியச் சாப்பாடு உட்பட என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். துபாயில் அப்போது மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். எதிலும் புதுசு, எங்கும் கிரேன். பழையதைப் பார்க்க வேண்டுமென்றால் காசு கொடுத்து பஸ் ஏற வேண்டிய ஊர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் நாலு பேரும் ஏறினோம்.

பஸ்ஸில் பாதிப் பேர் மலையாளிகள், மீதி தமிழர்கள். வழிகாட்டி ஒரு சிரியாக்காரர். ஆங்கிலத்தில் பேசி, இடையிடையே இந்திப் படத்தில் கற்ற வசனங்களைத் தூவினார். அச்சா, ஜல்தி, யல்லா மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார். எங்களுக்கு முன் இருக்கையில் பர்துபாயில் புடவைக் கடையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர். கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். மணல் லாரி தெரிந்தால் மணல், மலை தெரிந்தால் மொட்டை மலை, ஒட்டகம் தெரிந்தால் அதன் உதடு. அவர் வாய்க்கு அன்று நல்ல தீனி.

முதல் கோட்டை மலைக்கு நடுவே வாடி என்கிற வறண்ட ஆற்றின் கரையில் இருந்தது. போய்ப் பார்த்தால் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் எதுவும் திறக்காது என்பது எங்களுக்கே தெரியும், வழிகாட்டிக்குத் தெரியாதா. தெரிந்தும், வெளியிலிருந்து பார்ப்பதுதான் அழகு என்று சாதித்தார். முதல் கோட்டையைக் கோட்டை விட்டாச்சு என்றார் திருநெல்வேலிக்காரர். பஸ் முழுக்கச் சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. மண் சுவரையும் பேரீச்ச மரங்களையும் ஏதோ வாய்தா வாங்க வந்தவர் மாதிரி பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். என் மனைவி கல்யாணப் பேச்சை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஃபுஜைராவில் பிரியாணி சாப்பிட்டுத் தொழுகை நேரம் முடிந்தபிறகு இரண்டாவது கோட்டை. சின்னப் பாறைக் குன்றின்மேல் மண் நிறத்தில் வட்டக் கோபுரங்கள். இது திறந்திருந்தது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. சுவர் அவ்வளவு கனம். நான் வேலைப் பழக்கத்தில் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டி எல்லோரையும் ஓர் அறையில் நிறுத்தி, அந்தக் காலத்தில் இந்த மாதிரிக் கோட்டைகளில் என்ன நடக்கும் என்று விளக்கினார். இங்கே ஆட்சியாளரின் வக்கீல் உட்காருவார். தோட்டத்து மஹ்சூல் இங்கே வந்து சேரும். பெயர் கூப்பிட்டால் ஹாஜிர் என்று சொல்ல வேண்டும். இந்த உள்ளறைதான் கஸ்னா. அவர் சொன்னதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு சரக்கு என்று எனக்குத் தெரியாது.

ஆனால் மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். “மகசூலா? கஜானாவா?” என்று கேட்டார். வழிகாட்டி ஆமாம் என்று தலையசைத்தார். “ஹாஜிர்னா ஆஜர்தானா?” ஆஜர்தான்.

அவர் முகம் மாறியது. இத்தனை வருஷம் தாலுகா ஆபீசில் எழுதித் தேய்த்த வார்த்தைகளெல்லாம் இங்கே ஒருவர் வாயிலிருந்து சொந்த ஊர்ப் பிள்ளைகள் போல வந்துகொண்டிருந்தன. வசூல், பாக்கி, ஜாமீன், வாரிசு என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். வழிகாட்டி ஒவ்வொன்றுக்கும் அரபியில் அதன் உச்சரிப்பைச் சொன்னார். சிலதற்கு அங்கே பொருள் வேறாக இருந்தது. தகராறு என்றால் அரபியில் சண்டையில்லை, சொன்னதையே திரும்பச் சொல்வதாம். “நம்ம ஊர்லயும் தகராறுன்னா அதானே” என்றார் மாமனார். மாதக்கணக்கில் அவர் ஒரு நகைச்சுவை சொல்லி நாங்கள் கேட்டதில்லை. தான் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்ததை அவரே எல்லோரிடமும் சொன்னார். பஸ்ஸில் திரும்ப ஏறியபோது திருநெல்வேலிக்காரர் எழுந்து, ஆபீசருக்கு முன் சீட்டு என்று இடம் கொடுத்தார். மாமனாரும் மறுக்காமல் உட்கார்ந்துகொண்டார்.

என் மனைவி என் கையை அழுத்தினாள். இன்றைக்குக் கேட்டால் சரியென்று சொல்லிவிடுவார் என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சந்தையை முடித்துக்கொண்டு பேசலாம் என்றேன். சந்தை திரும்புகிற வழியில், மலைப்பாதையில், சாலையின் இரண்டு பக்கமும் இருந்தது. வெள்ளிக்கிழமைச் சந்தை என்று பெயர், ஆனால் எல்லா நாளும் நடக்கும். கம்பளம், மண்பானை, செடி, பழம், சுட்ட சோளம்.

மாமனார் ஒரு பட்டாணியர் கடையில் கம்பளத்துக்கு விலை கேட்டார். கம்பளம் வாங்கும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. பேசுகிற குஷி. கடைக்காரர் விலை சொல்லாமல் நிற்க, “பதில் சொல்லுய்யா, பதில்” என்று தமிழிலேயே கேட்டார். பட்டாணியர் அந்தக் கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டு வேறொன்றைப் பிரித்தார். மறுபடி பதில் கேட்டார். இன்னொன்று பிரிந்தது. அவர் மொழியில் பதில் என்றால் மாற்று. மூன்றாவது கம்பளம் பிரிந்தபிறகுதான் எனக்கே விளங்கியது. விளக்கியதும் மாமனார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அந்தச் சந்தையில் அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

கடைசியில் எங்களை எல்லாம் வழிகாட்டி சந்தைக் கோடியில் ஒரு கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். தேன், பேரீச்சை, இனிப்பு விற்கிற கடை. உரிமையாளரும் சிரியாக்காரர். வழிகாட்டிகள் ஏன் குறிப்பிட்ட ஒரு கடைக்கே பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கான தமிழ் வார்த்தையைத்தான் எங்கள் வீட்டில் தடை செய்திருந்தோம்.

கடைக்காரர் வயதானவர். வெள்ளைத் தாடியும் வெள்ளை அங்கியுமாக இருந்தார். வழிகாட்டி மாமனாரைக் காட்டி அரபியில் ஏதோ சொன்னார். பெரிய அதிகாரி என்றோ, நம் மொழி தெரிந்தவர் என்றோ இருக்கலாம். கிழவர் நெஞ்சில் கை வைத்து வணங்கிவிட்டு, உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து மாமனாரிடம் நீட்டினார். அச்சில் அழுத்திய பூக்கோலத்தோடு உருண்டை உருண்டையாக, மேலே வெள்ளையாகப் பொடி தூவி.

“மாமூல்” என்றார் கிழவர். வழிகாட்டி உரக்க மொழிபெயர்த்தார். மாமூல், டேக், டேக், ஃப்ரீ.

மாமனார் கை அசையவில்லை. பின்னாலிருந்து திருநெல்வேலிக்காரர் குரல் வந்தது. “ரெவின்யூன்னா சும்மாவா. சாருக்கு இங்கனயும் மாமூல் வந்துட்டுல்லா.”

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார், நல்ல மனிதர். கடையே சிரித்தது. மலையாளிகளுக்கும் மாமூல் புரியும். என் மனைவி முகம் வெளுத்துவிட்டது. காலையிலிருந்து கட்டியதெல்லாம் சரிந்தது என்று நினைத்தேன். இனிக் கல்யாணமும் இல்லை ஒன்றும் இல்லை, விசாவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

அப்போது எங்கள் மகள் தாத்தாவின் சட்டையை இழுத்தாள். அவளுக்கு ஒரு கடமை இருந்தது, அதைச் செய்தாள். “இல்ல தாத்தா, அது மாமூல் இல்ல. டேட் பிஸ்கட். அப்டித்தான் சொல்லணும்னு அம்மா சொல்லியிருக்காங்க. உங்க முன்னாடி மாமூல்னு சொல்லவே கூடாதாம்.”

தமிழ் தெரிந்தவர்கள் இன்னொரு முறை சிரித்தார்கள். மாமனார் பேத்தியைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் தன்னைச் சுற்றி என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது அவருக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். கிழவருக்கு ஒரு வணக்கம் வைத்தார். வாசலுக்கு வந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, முழுதாகச் சாப்பிட்டு முடித்தார். அவசரமே படவில்லை. விரல்களெல்லாம் வெள்ளைப் பொடி. வலது கையை விரித்துத் தன் மகளிடம் நீட்டினார்.

“தண்ணி ஊத்தும்மா.”

அவள் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். அவர் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்து ஓடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் பார்த்தோம்.

“அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு தண்ணி” என்றார். “சிவக்கல.”

அவள் பாட்டிலைப் பிடித்தபடியே நின்றாள்.

“நோட்ட நான் தொடவே இல்லம்மா. எவன் வெச்சான்னும் தெரியாது. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீ கேக்கவே இல்லையே.”

குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. யாரோ ஒருவர் வீட்டு விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். என் மனைவி, கேட்கப் பயமாக இருந்தது என்று சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். தன் துப்பட்டாவை எடுத்து அவர் கையைத் துடைத்துவிட்டாள். துடைத்து முடித்த பிறகும் கையை விடவில்லை. பஸ்காரர் ஹாரன் அடித்தார். யல்லா, யல்லா என்று வழிகாட்டி எல்லோரையும் ஏற்றினார்.

சர்க்கரைப் பொடி யார் கையிலிருந்து கழுவினாலும் சிவக்காது. வாங்கினவர் கழுவினாலும் தண்ணீர் தண்ணீராகத்தான் போகும். பஸ் மலையிறங்கும்போது எஸ்டிமேட்டர் புத்தி இதை எனக்கு எடுத்துச் சொல்லத்தான் செய்தது. ஆனால் பொய் சொல்ல நினைத்தவர் யாரும் கேட்காமலே சொல்லியிருப்பார். ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார். இவர் கேட்கட்டும் என்று காத்திருந்தார். நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவருக்கு அது தீர்ப்பாகவே கேட்டிருக்கும். நான் சாய்ந்திருந்த பக்கத்திலிருந்து விலகி உட்கார்ந்தேன்.

திருநெல்வேலிக்காரர் எட்டிப் பார்த்து, மாமூல் எப்படி சார் இருந்தது என்று கேட்டார். மாமனார் யோசித்தார். “நல்லாத்தான் இருக்கு. இதுக்கா இவ்வளவு கெட்ட பேரு” என்றார். அதற்கும் பஸ் சிரித்தது. இந்தத் தடவை அவரும் சிரித்தார். தைத் என்ற ஊர்ப் பக்கம் வந்தபோது, இருட்டத் தொடங்கியிருந்தது, என்னைக் கூப்பிட்டு விசாவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம் மாப்பிள்ளை, டிக்கெட் போட்டுவிடுங்கள் என்றார். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் போய்ச் சேருகிற மாதிரி இருக்கட்டும், தம்பி தனியாக அல்லாடுவான் என்றார். என் மனைவி பேசுவதற்கு அவர் எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தபோது பிஸ்கட் டப்பா பழைய இடத்தில் இருந்தது. மகள் ஸ்டூல் போட்டு ஏறித் திறந்து பார்த்தாள். உள்ளே பழையபடி சின்னச் சின்ன பாக்கெட்டுகள். ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, இதை இப்போது என்னவென்று சொல்ல வேண்டும் என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் ஹாலிலிருந்து பதில் வந்தது.

“மாமூல்னே சொல்லு கண்ணு. எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வா.”